ஆக்ரா, ஜெய்ப்பூர், வெள்ளிக்கிழமை

ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையில் இருப்பவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுவார்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்ன டிராவல் ஆபீசில் எண்பதுகளில் எட்டு வருஷம் இருந்தேன். வருஷக் கடைசி விடுமுறையில் இந்தியாவுக்கு ஆள் கூட்டிப் போவது என் தலையில் விழுந்த வேலை. ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் இதைப் படித்தால், முப்பது வயதிலேயே நான் ஏன் வயிற்று மாத்திரைக்குப் போனேன் என்று விளக்கவே வேண்டாம். அதில் ஒரே ஒரு பயணத்தை மட்டும் சொல்கிறேன்.

மெட்ராஸில் ஒரு தேதி

எங்கள் வழக்கம் இதுதான்: எல்லார் பாஸ்போர்ட்டும் என் பையில் இருக்கும். கவுண்டரில் மட்டும் கையில் கொடுப்பேன், முத்திரைச் சாப் குத்தியதும் பிடுங்கிக்கொள்வேன். அதனால் யாரும் தன் பாஸ்போர்ட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தத் தடவை இருபத்து நான்கு பேர். மெட்ராஸ் ஓட்டல் கட்டிலில் பரப்பி எண்ணினேன். மாணிக்கம் அங்கிளுடையது மட்டும் இந்தியப் பாஸ்போர்ட். போர்ட் கிள்ளான் கிடங்கில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர், வீடு பண்டமாரானில். மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் வந்தவர். குடியுரிமைக்கு மனுப் போட்டுப் போட்டுச் சலித்து, நிரந்தரவாசிக்குத் தருகிற சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசியோடு நின்றுவிட்டார். மனைவி அஞ்சலை ஆன்டி கிள்ளானிலேயே பிறந்ததால் அவருக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி.

சிவப்பு ஐசிக்காரர் வெளியே போனால் திரும்பி நுழைய ஒரு பெர்மிட் வேண்டும். அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. டிக்கெட்டை மாற்றினேன், ஓட்டலை மாற்றினேன், பெர்மிட்டை மட்டும் மறந்தே போனேன். இப்போது பார்க்கிறேன்: பன்னிரண்டு நாள் கழித்து நாங்கள் மலேசியா திரும்பிச் சுபாங் ஏர்போர்ட்டில் இறங்கும் வெள்ளிக்கிழமைதான் அதற்குக் கடைசி நாள். ஒரு நாள் பிசகினால் மனுஷனை உள்ளே விடமாட்டார்கள். நீட்டிக்கிறதென்றால் கோலாலம்பூர் இமிகிரேஷன் ஆபீசில்தான் முடியும். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. காலையில் பசியாறும்போது மெல்ல வாயைக் கிளறினேன், பிளேன் ஒரு நாள் லேட்டானால் பரவாயில்லையா அங்கிள் என்று. தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நாள் என்னலா தங்கச்சி, ஒரு மாசம் ஆனாலும் இருப்பேன். வீட்டுல மாடா கட்டியிருக்கு?"

ஆக்ராவில் ரைஸ் குக்கர்

சுங்கை வேயிலிருந்து வந்த பார்வதி ஆன்டிக்கு வடநாட்டு ரொட்டி தொண்டையில் இறங்காது. அதனால் பெட்டியில் ரைஸ் குக்கர், அரிசி, ஒரு டப்பா நெத்திலி சம்பல். தாஜ்மகால் பார்த்த மறுநாள் காலை ஜெய்ப்பூருக்கு பஸ் ஏறணும். அந்த நேரம் பார்த்து குக்கரைச் சொருகினார். டப்பென்று ஒரு சத்தம், மாடி முழுக்கக் கரண்டு போச்சு. யார் செய்தது என்று தெரியாமல் ஒரு பெட்டியும் இறங்காது என்று மானேஜர் கதவை மறித்து நிற்கிறார். எனக்கோ மணி ஓட ஓட நெஞ்சுக்குள் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று அடித்துக்கொள்கிறது.

இரண்டு மணி நேரம் இந்தியிலும் இங்கிலீஷிலும் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அந்த இரண்டு மணி நேரத்தில் குற்றவாளி சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் அடுப்படிக்கே போய்விட்டார். தட்டில் ஆவி பறக்கச் சோறும் சம்பலுமாக மானேஜர் முன்னாலேயே வந்து நிற்கிறார். "வெந்துருச்சு தங்கச்சி. முகமெல்லாம் வாடிக் கெடக்கு, மொதல்ல சாப்புடு, அப்புறம் சண்ட போடு."

ஜெய்ப்பூர்க் கோட்டையில் இருபத்து மூன்று

கோட்டை வாசலில் பஸ் நிற்கிறது. எண்ணுகிறேன், இருபத்து மூன்று. திரும்ப எண்ணுகிறேன், அதே இருபத்து மூன்று. யார் குறைகிறது? வேறு யார், சாமி! மாணிக்கம் அங்கிளேதான். பாஸ்போர்ட் என்னிடம், மனுஷன் எங்கேயோ. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஓடினேன். மண்டபம் மண்டபமாகத் தேடினேன். கண்ணாடி பதித்த சுவரில் என் முகம் நூறு முகமாகத் தெரிந்தது; நூறும் அழுகிற முகம்.

கடைசியில் பின்பக்கத்தில் இருந்தார். மதிலைப் பழுது பார்க்கிற கொத்தனார்கள் ஒரு பெரிய கல்லைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் நடுவில் நின்று, முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி போட்டுக்கொடுத்து, "அங்காட்! அங்காட்!" என்று மலாயில் தூக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களும் தூக்குகிறார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "உங்க பெர்மிட் வெள்ளிக்கிழமையோட முடியுது அங்கிள்! உங்களுக்காகத்தான் நான் செத்துக்கிட்டிருக்கேன்! தப்பு என்னுது, நான்தான் பாக்கல!" என்று கத்திவிட்டேன். பின்னாலேயே ஓடிவந்த மொத்தக் கூட்டமும் கேட்டுவிட்டது. அங்கிள் கயிற்றைக் கீழே வைத்தார். அஞ்சலை ஆன்டிதான் பேசினார்: "நாப்பது வருசமா இவரு செருப்பு என் வாசல்லதான் கெடக்குது. உள்ள வுடமாட்டேன்னு சொல்ல அவன் யாரு?"

டில்லியில் பனி

அதற்கப்புறம் என் பஸ்ஸில் ஒரு தலைவி இல்லை, என்னோடு சேர்த்து இருபத்து ஐந்து பேரும் தலைவர்கள். ஜெய்ப்பூர் அரண்மனையைக் கால் மணி நேரத்தில் பார்த்து முடித்தார்கள். "ராஜா இல்லாத வீட்டுல நமக்கென்ன வேல" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் ஏறிவிட்டார்கள். இவ்வளவு பறந்தும், வியாழக்கிழமை டில்லி ஏர்போர்ட்டில் கண்ணெதிரே நிற்கிற பிளேன் தெரியாத அளவுக்குப் பனி. எங்கள் மெட்ராஸ் பிளேன் ரத்து. சாயங்காலப் பிளேனில் இரண்டே சீட். மற்றவர்களுக்கு நாளைக்கு, அப்படிப் போனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் மெட்ராஸிலிருந்து கிளம்பும் சுபாங் பிளேன் தவறிவிடும், அடுத்தது மூன்று நாள் கழித்து.

அங்கிளையும் அஞ்சலை ஆன்டியையும் தனியாக அனுப்பவும் பயம். இங்கிலீஷ் வராது, நான் கூடப் போனால் மற்ற இருபத்திரண்டு பேர் நட்டாற்றில். கவுண்டர் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். பார்வதி ஆன்டி என் பையைத் திறந்து, அந்த இரண்டு பாஸ்போர்ட்டையும் அவரே எடுத்து அவர்கள் கையில் வைத்தார். "ரெண்டு சீட்டும் அவங்களுக்குத்தான். நாங்க மூணு நாள் மெட்ராஸ்ல சேல பாக்குறோம், எங்களுக்கு என்ன கஷ்டமா?"

சுபாங்கில்

மூன்று நாளும் ஒரு தகவலும் இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது பாதியில் அறுந்தது. பிடித்து வைத்திருப்பார்களோ, திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்று மறுபடி மறுபடி போனைச் சுழற்றினேன். திங்கட்கிழமை சுபாங்கில் வெளியே வருகிறேன், ஒவ்வொரு குடும்பத்தையும் கூட்டிப்போக வேன் வேனாகச் சொந்தக்காரர்கள். கம்பித் தடுப்புக்குப் பின்னால் எல்லாரையும் இடித்துக்கொண்டு மாணிக்கம் அங்கிள் கையாட்டுகிறார். எங்கள் பெட்டிகளை ஏற்ற மருமகனின் லோரியையே கொண்டுவந்திருந்தார்.

வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். என்னாச்சு அங்கிள், இமிகிரேஷன்காரன் தேதியைப் பார்த்தானா என்று கேட்டேன். "அவன் எங்க பாத்தான்? எனக்குத்தான் மனசு கேக்கல. துவான்னு கூப்புட்டு, இன்னிக்குத்தான் கடைசி நாளுன்னு நானே காமிச்சேன். அப்படின்னா சீக்கிரம் வீட்டுக்குப் போங்க பாக்சிக், பெரியவரேன்னு சாப்பைக் குத்திட்டான். வீட்டுக்குன்னு சொன்னான் தங்கச்சி."

ஜெய்ப்பூர்க் கோட்டையை எந்த ராஜா கட்டினான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் யாருடைய பெர்மிட் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.