கம்பி விலைக்கும் கீழே

கார் கம்பெனியின் பர்சேஸ் மேனேஜர் நாங்கள் கொடுத்த விலையைப் படித்துவிட்டு, தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். சீட் ஸ்பிரிங்குக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கொட்டேஷன். கப்பல் வாடகை, சுங்கவரி எல்லாம் சேர்த்தும் எங்கள் விலையைவிடக் குறைவு. நாங்கள் கம்பி வாங்கும் விலையே கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

ஒரகடத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங் கம்பெனிக்கு நான் காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

“இதுக்குக் கீழ வாங்க சார். இல்லேன்னா தாமஸ் கிட்ட பேசிக்கிறேன்” என்றார் மேனேஜர்.

தாமஸும் நானும் ஒரே கம்பெனியில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிறகு அவர் கடன் வாங்கி, ஸ்ரீபெரும்புதூரில் சொந்தமாக ஸ்பிரிங் போட ஆரம்பித்தார். நான் வெளியே வந்தபோது அவர் கேட் அருகில் நின்றிருந்தார்.

“கம்பி வெலைக்கும் கீழ போவாத தாமஸ். தாங்காது” என்றேன்.

“மெஷின் நின்னா பேங்க்காரன் வூட்டு வாசல்ல வந்து நிப்பான்பா. ஆர்டர் ஓடிக்கினு இருந்தா எப்படியாச்சும் சமாளிச்சுப்பேன்.”

ஆர்டர் அவருக்குப் போனது. எங்கள் முதலாளி ஸ்பிரிங் லைனை மூடச் சொல்லிவிட்டார். லைனில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் படப்பைப் பக்கத்துப் பெண்கள். அவர்களில் மூத்தவரான வனஜா என் டேபிளுக்கு வந்தார்.

“நம்ம ஸ்பிரிங்கு நல்லா இல்லியா சார்?”

“நல்லாத்தாம்மா கீது. வெலதான் கட்டுப்படியாவல.”

“வோணும்னா இன்னும் வேகமா போடறோம் சார்.”

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் அவர்கள் ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் கம்பி விலை ஏறியது. தாமஸும் மூடிவிட்டார். கார் கம்பெனி முழுக்க இறக்குமதிக்குப் போனது. இங்கே செய்ய ஆள் இல்லை என்றானதும் வெளிநாட்டுக்காரன் விலையை ஏற்றினான்.

அதே மேனேஜர் எனக்குப் போன் செய்தார். “மறுபடியும் போட முடியுமா சார்? நீங்க மொதல்ல சொன்ன வெலையே தந்துடலாம்.”

“மெஷினையெல்லாம் வித்துட்டோம் சார்.”

காஸ்டிங் வேலைக்கு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் விலையைக் குறைத்தால், அது யார் போட்டிக்கு இருக்கும்வரை குறைவாக இருக்கும் என்று பாருங்கள்.

தாமஸ் இப்போது வேறொருவரின் குடோனில் சூப்பர்வைசர். அந்தப் போனைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

“அந்த வெல அப்பவே கெடச்சிருந்தா, நாம ரெண்டு பேருமே தொழில்ல இருந்திருப்போம் இல்ல?” என்றார்.