தட்டில் மிஞ்சிய போல்ட்

குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டும் அவரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘எதுக்கும்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வால்வை மூடிவிட்டுப் பத்தடி நடந்திருப்பார். “எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்று திரும்பிப் போவார். வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி நினைவு வந்து பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அது அலமாரியில் ஆறிப்போய்க் கிடந்தது.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பாள் அவர் மனைவி. அவள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுகாதார நிலையத்தில் நர்ஸ். போகிற வழியில் பத்து வயது மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவாள்.

அவர்களிடம் இருந்த காருக்குப் பத்தொன்பது வயது. மகள் அதை ‘அக்கா’ என்பாள். அந்த அக்காவை அவர் வேறு யாரும் தொட விடமாட்டார். எப்போதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றியவர் என்ஜினுக்கு அடியில் இருக்கும் திருகைச் சரியாக முடுக்காமல் விட்டு, வாசலெல்லாம் எண்ணெய்க் குளமாகிவிட்டது. அன்றோடு மெக்கானிக்குகள் மேல் இருந்த நம்பிக்கை போனது. பழைய புத்தகக் கடையில் அந்தக் காரின் கையேட்டைத் தேடிப் பிடித்தார். பிளக், பேட்டரி, ஃபேன் பெல்ட் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கையில் கிரீஸ் இருக்கும் நேரத்தில்தான் மனுஷன் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார் என்று அவளுக்கும் தெரியும். அதனால் நட்டு, போல்ட் போட்டு வைக்கச் சமையலறைத் தட்டுகள் ஒவ்வொன்றாக வாசலுக்குப் போவதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவாள்.

பிரேக்கில் மட்டும் அவர் கை வைத்ததில்லை. முன்சக்கரங்கள் கீச்சிட ஆரம்பித்த பிறகும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். கையேட்டில் அந்தப் பகுதியை நான்கு முறை படித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கியை எடுத்தார்.

வலது சக்கரம் சிரமமில்லாமல் முடிந்தது. பிரேக் பேட்களை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்வியில் கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டு, கவ்வியை மேலே தூக்கி, தேய்ந்த பேட்களை எடுத்துப் புதியதைச் செருகி, கவ்வியை இறக்கி, போல்ட்டை முடுக்கினார். இடது சக்கரத்திலும் கவ்வியை இறக்கியாகிவிட்டது. போல்ட்டை எடுக்கக் கையை நீட்டியபோது நிலையத்திலிருந்து போன். தண்ணீர் அழுத்தம் இறங்குகிறது, எந்த வால்வைத் திறப்பது என்று கேட்டார்கள். வாசலில் இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டே பத்து நிமிடம் விளக்கினார். திரும்பி வந்து பார்த்தபோது கவ்வி புதிய பேட்களின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சக்கரத்தைத் தூக்கி மாட்டினார். சக்கர நட்டுகளை வழக்கம்போல மூன்று முறை முடுக்கிப் பார்த்தார். பிரேக்கை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினார். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

மறுநாள் அவருக்கு மதிய ஷிஃப்ட். மனைவியும் மகளும் எட்டு மணிக்குக் கிளம்பிப் போனார்கள். அவள் திரும்பி வருவதற்குள் தட்டைக் கழுவி வைத்துவிடலாம் என்று வாசல் ஸ்டூலுக்கு அடியிலிருந்து எடுத்தார். மேலே கிடந்த துணியை உதறினார். டங் என்று ஒரு போல்ட் தட்டில் உருண்டது.

புதுப் பேட்களோடு உபரியாக வந்திருக்குமோ? அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் போல்ட் வந்ததற்கான அடையாளமே இல்லை. கையேட்டைப் பிரித்தார். படத்திலிருந்த போல்ட்டும் கையிலிருந்த போல்ட்டும் ஒன்றுதான். வலது பக்கத்தில் முடுக்கியது நன்றாக நினைவிருந்தது. இடது பக்கம் என்று யோசித்தால் போன் பேசியது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபது. மலை உச்சிக்கு ஏற இருபது நிமிடம் ஆகும். அதற்கு அப்புறம் இறக்கம், ஏழு வளைவுகள். பள்ளி இருப்பது அடிவாரத்தில்.

முதல் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதை மகள் எடுத்தாள்.

“அப்பா, அம்மா ஓட்டிட்டு இருக்காங்க. இஸ்திரிப் பெட்டியா, கேஸான்னு கேக்கறாங்க.”

‘நிறுத்து!’ என்ற அலறல் தொண்டை வரை வந்துவிட்டது. அலறினால் அவள் என்ன செய்வாள் என்பதும் அதே நொடியில் தெரிந்தது. பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிப்பாள். செய்யக் கூடாதது அது ஒன்றுதான்; மிதித்தால் போல்ட் இல்லாத கவ்வி எகிறிவிடும். வந்த அலறலை அப்படியே விழுங்கினார்.

“ரெண்டும் இல்லம்மா. ஸ்பீக்கர்ல போடு. இப்ப எங்க இருக்கீங்க?”

“உச்சி தாண்டியாச்சு. இறங்க ஆரம்பிச்சுட்டோம்.”

“சரி.” பம்ப் அறையில் அளவுகளைப் படித்துச் சொல்லும் குரலில் மனைவியிடம் பேசினார். “கேக்குதாம்மா? இடது முன்சக்கரத்துல ஒரு போல்ட் போட விட்டுட்டேன். என் கையில இருக்கு. வண்டிய ஓரமா நிறுத்தணும். பிரேக்கை ஓங்கி மிதிச்சுடாத. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ரெண்டாவது கியருக்கு வா.”

கியர் விழும் சத்தம் வந்தது.

“அவர் கத்தியிருந்தா நான் போனை வெக்கச் சொல்லியிருப்பேன்” என்று பிறகு அவள் உடன் வேலை செய்பவர்களிடம் சொன்னாள். “கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் இவ்வளவு நிதானமா பேசி நான் கேட்டதே இல்ல. அதுலதான் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு.”

“ரெண்டுல இருக்கேன்” என்றாள் இப்போது.

“நல்லது. கொஞ்சம் வேகம் குறையட்டும். அப்புறம் முதல் கியர்.”

என்ஜின் உறுமுவது போனில் கேட்டது. நடுவில் மகளின் குரல்: “அப்பா, கீழ டக்கு டக்குனு சத்தம் வருது.”

“வரட்டும்மா. ஒண்ணுமில்ல.” சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழு. வெடுக்குன்னு வேணாம். மலைப் பக்கமா ஒதுங்கு. பள்ளத்துப் பக்கம் வேணவே வேணாம்.”

இரும்பும் இரும்பும் உரசும் சத்தம். பிறகு எதுவுமே கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

“நின்னுடுச்சுப்பா” என்றாள் மகள்.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இருவரும் வண்டியை விட்டுத் தள்ளி நிற்கும்படி சொன்னார். போனை வைத்துவிட்டு வாசல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் துணி தைக்கும் பெண்ணிடம் ஸ்கூட்டர் இருந்தது. “என்னண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?” என்று கேட்டவள், விஷயம் தெரிந்ததும் மெஷினை அப்படியே விட்டு எழுந்தாள். மடியில் ஜாக்கி, கையில் போல்ட், சட்டைப்பையில் ஸ்பானர் என்று பின்னால் உட்கார்ந்தவர் மேட்டில் நச்சரித்துக்கொண்டே வந்தார்.

“கொஞ்சம் வேகமா போம்மா.”

“ரெண்டு ஆளு, ஒரு ஜாக்கி. இது ஸ்கூட்டருண்ணே, ஹெலிகாப்டர் இல்ல.”

இரண்டாவது வளைவுக்கு முன்னால் பாறையை ஒட்டி கார் நின்றிருந்தது. மனைவி ஜாக்கியை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் சக்கரத்தைக் கழற்றினார். கவ்வி மேலே எழும்பிச் சக்கரத்தின் உட்புறத்தில் இடித்துக்கொண்டிருந்தது. இரும்பில் வெள்ளிக் கோடாக ஒரு சுரண்டல். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாயின் மேல்தோல் உரிந்திருந்தது, அறுந்திருக்கவில்லை.

போல்ட்டைத் துளையில் வைக்கப் பார்த்தார். இரண்டு தடவை மண்ணில் விழுந்தது.

“இங்க குடுங்க” என்று மனைவி வாங்கித் துடைத்து, மூன்று சுற்று கையாலேயே ஏற்றிக் கொடுத்தாள்.

மகள் புத்தகப்பையை அணைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தாள். “எல்லாத்தையும்தான் மூணு தடவை பாப்பீங்களே, இத ஏம்ப்பா பாக்கல?”

“மறந்துட்டேம்மா” என்றார்.

குழாயை மாற்றாமல் வண்டி நகரக்கூடாது என்று சொல்லி இருவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தையல்காரப் பெண்ணும் திரும்பிப் போனாள். அடிவாரத்திலிருந்து மெக்கானிக் வரும்வரை தனியாக நின்றார். வந்தவர் குழாயைத் தடவிப் பார்த்து, “யாருங்க இந்த வேலையப் பாத்தது?” என்று கேட்டார். “நான்தான்” என்று சொல்லிவிட்டு ஸ்பானரைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று ஸ்பானர்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டினார்.

“இனி நான் தொடமாட்டேன். ஒர்க்‌ஷாப்லயே விட்டுடலாம்.”

“ஆபரேஷன் முடிஞ்சு தையல் போடறதுக்கு முன்னாடி நாங்க என்ன செய்வோம் தெரியுமா?” என்றாள் மனைவி. “பஞ்சு எத்தனை, கத்திரி எத்தனைன்னு ஒருத்தர் சத்தமா எண்ணுவாங்க, இன்னொருத்தர் எழுதுவாங்க. எவ்வளவு கெட்டிக்கார டாக்டரா இருந்தாலும் அவர் ஞாபகத்தை நம்பி மூட மாட்டோம். சாக்கை அவுத்துடுங்க. இனிமே நீங்க எண்ணுங்க, நான் எழுதறேன்.”

பின்சக்கர வேலையை அடுத்த மாதம் அப்படித்தான் செய்தார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கழற்றிய போல்ட்டுகளை நோட்டில் எழுதினாள். போன் வீட்டுக்குள் அணைந்து கிடந்தது. இரண்டு முறை அவரை நிறுத்தி மறுபடி எண்ண வைத்தாள். அவர் முறைத்தார், ஆனால் எண்ணினார்.

மறுநாள் எதுக்கும் தானும் கூட வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியதும் கதவுப்பிடியை இறுகப் பற்றினார். ஒவ்வொரு வளைவுக்கும் அவருடைய வலது கால் தரை விரிப்பைப் போட்டு அழுத்தியது.

“அப்பா, அந்தப் பக்கம் பிரேக் இல்லப்பா” என்றாள் பின்னாலிருந்து மகள்.

“விடுடி, மிதிச்சுட்டுப் போகட்டும்” என்று சொல்லி, மனைவி அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினாள்.