அறுகரிசியும் தென்துருவமும்

மருமகள் வரும் தொடருந்து குறித்த நேரத்துக்கு வருவதாகப் பலகை காட்டியது. ஆனாலும் நான் திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நிலையத்துக் கடற்காற்று எல்லோருடைய குடையையும் புரட்டிப் போட்டது. எனக்குக் குளிரே தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை தென்துருவத்துக்குப் போகிறாள்! பனிப்பாளத்தைத் துளைத்து ஆராய்பவள் அவள். நாளைக்கு ஆய்வுக் கப்பலில் ஏறுகிறாள். குளிர்காலம் முழுவதும் அங்கேதான்.

பக்கத்தில் நின்ற அக்காவுக்கு, அவளுடைய தாய்க்கு, இதில் மனமில்லை. தொலைபேசியில் மகள் "போயிட்டு வாறன், அம்மா" என்னும்போதெல்லாம், "சாப்பிட்டியோ?" என்று கதையை மாற்றிவிடுவார்; "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லமாட்டார். அந்த "போயிட்டு வா" கேட்கத்தான் அவள் ஒரு நாள் முந்தி வருகிறாள்.

துருவத்துக்கு ஒரு விதையோ துளி மண்ணோ போகக் கூடாது. உடுப்பின் ஒட்டுப்பட்டை, சப்பாத்தின் அடி எல்லாம் துப்புரவாக இருக்க வேண்டும். இதை மருமகள் சொல்லியிருந்ததால், பூ, தேசிக்காய், வேப்பிலை எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று அக்காவிடம் முன்பே சொல்லி வைத்தேன்.

தொடருந்து வந்தது. பெரிய முதுகுப்பையோடு அவள் குதித்து இறங்கி, "மாமா!" என்று ஓடி வந்தாள். அதற்குள் அக்கா கைப்பையிலிருந்து எவர்சில்வர் பேணியை எடுத்துத் திறந்தார். உள்ளே அறுகரிசி! யன்னலோரச் சாடியில் வளர்த்த அறுகம்புல்லை நறுக்கி அரிசியோடு கலந்திருந்தார். கலியாணத்தில் வாழ்த்துவதுபோல ஒரு பிடி அள்ளினார்.

"அம்மா, நில்லுங்கோ! புல்லு! இரவிரவாத் தூசி உறிஞ்சியாலை துப்புரவாக்கின உடுப்பு!"

அக்காவின் கை அப்படியே நின்றது. "பூ வேண்டாம் எண்டவன், தேசிக்காய் வேண்டாம் எண்டவன். அறுகைப் பற்றித் தம்பி சொல்லேல்லையே."

உண்மைதான். அது எனக்குத் தோன்றவேயில்லை.

"சரி, விடு," என்று அக்கா பேணியை மூடப் போனார். அந்த மூடியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மருமகள் சட்டென்று முதுகுப்பையைத் தள்ளி வைத்து, மேலங்கியைக் கழற்றி என்னிடம் எறிந்தாள். "மாமா, உயர்த்திப் பிடியுங்கோ!" சப்பாத்தையும் கழற்றி என் கையில் மாட்டிவிட்டு, காலுறையோடு மேடையில் நின்று தலை குனிந்தாள். "தலையிலை போடுங்கோ, அம்மா. பின்னேரம் முழுகி, மிச்ச உடுப்பையும் தோய்ப்பன்."

"விசரி! தடிமன் பிடிக்கும்!"

"துருவத்துக்குப் போறவளுக்குத் தடிமனோ, அக்கா?" என்றேன், காவடி தூக்கியவன்போலச் சப்பாத்தும் அங்கியுமாக.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டார். தலை நிறையப் போட்டார். கடற்காகங்கள் அரிசிக்கு இறங்கின. கடந்துபோன ஒரு ஜெர்மன் அம்மா, கலியாணமா என்று கேட்டார். "இல்லை, அண்டார்டிகா!" என்று ஜெர்மனில் கத்தினாள் மருமகள்.

அக்கா அவள் நெற்றியில் ஒட்டிய புல்லை விரலால் எடுத்தார்.

"போயிட்டு வா, பிள்ளை," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கப்பல் எந்தப் பக்கம் நிக்குது? ஒருக்காப் பாத்திட்டுப் போவம்," என்றார்.