காப்புக் கட்டிய சாட்சி

காமன் கூத்தில் மன்மதனாக ஆட என் வீட்டுக்காரர் காப்புக் கட்டிக்கொண்ட மறுநாள்தான் பொலிஸ்காரர் அழைப்பாணையைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். தலவாக்கலைச் சந்தியில் பஸ் ஒன்று ஆட்டோவில் மோதியதை இவர் நேரில் பார்த்தவர். கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். கோர்ட்டு தேதியோ கூத்துக்கு முன்னால். காப்புக் கட்டியவர் கூத்து முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது.

"போகலன்னா புடிச்சு உள்ள வச்சிருவாங்க" என்றேன்.

"நான் சாட்சிதானே, குத்தவாளியா? காமனுக்கு முன்னாடி கோர்ட்டு என்ன பெரிய கோர்ட்டு?" என்றார்.

சொன்னபடியே அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. வந்த கோபத்தில் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். ஆனால் கூத்தன்று கிரீடமும் வில்லுமாக அவர் ஆடியதைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு மன்மதனை எங்கள் தோட்டம் பார்த்ததில்லை.

காப்பை அவிழ்த்த கையோடு பிடியாணை வந்து நின்றது. அழைத்தும் வராத சாட்சிக்கு அபராதமும் உண்டு, நீதவான் நினைத்தால் சிறையும் உண்டு என்று சட்டத்தரணி சொன்னபோது இவர் முகம் சுண்டிப்போனது. பயத்தில் நான் கோயில் தலைவர் வீட்டுக்கு ஓடினேன்.

இவரைத் தனியாக அனுப்பத் தோட்டத்துக்கு மனமில்லை. கோயில் தலைவர், என் அண்ணன், என்னோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் என்று ஒரு வேன் நிறைய ஏறிக்கொண்டோம்.

கூண்டில் நின்று இவர் காப்புக் கதையைச் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதவான் அம்மா பொறுமையாகக் கேட்டார். இன்னொரு முறை வராமல் இருந்தால் சிறைதான் என்று எச்சரித்துவிட்டுப் பிடியாணையை ரத்துச் செய்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு, பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எங்களைக் காட்டி, யார் இவர்கள் என்று விசாரித்தார்.

"எல்லாம் எங்க தோட்டத்து ஆளுங்கம்மா. எனக்காக வந்திருக்காங்க" என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

நீதவான் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு இவரால வர முடியாதுன்னு சொல்றதுக்கு, இத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா வரக்கூடாதுன்னு அம்மா கேக்குறாங்க."

காப்பே கட்டாத நாங்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். கூண்டில் நின்ற மன்மதன் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.