மாரிஸுக்கு இரண்டாவது தடவை

ஹெர்ஷல் ஜிஸ்கின் நாற்காலி மேல் ஏறி நின்று, மாரிஸ் ஆடல்சனை வலப்பக்கம் கால் சுற்று திருகினார். மாரிஸ் எரிந்தார்.

"டோலிக்கு நிம்மதி. அடுத்த மாசம் தங்கச்சிக்காரிக்கு," என்றார் ஹெர்ஷல்.

மகள் எல்கா நாற்காலியைப் பிடித்திருந்தாள். கேப் பிரெட்டனில், சுரங்கம் மூடிப்போன ஊர் ஒன்றின் யூத ஜெப ஆலயம். சுவரில் பித்தளைப் பலகை. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்த்தகடு, பக்கத்தில் குட்டி பல்பு. திதி வரும் வாரம் அது எரிய வேண்டும். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை இது.

ஹெர்ஷல் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலிஃபாக்ஸிலிருந்து பசிபிக் கரை வரை கனடாவின் ஜெப ஆலயங்களை அவருக்குத் தெரியும், ஒயரிங் வழியாக. பலகைகளுக்கான பல்புகளை முட்டை அட்டையில் வைத்து எடுத்துப்போவார். மனிடோபாவில் ஒரு குவிமாடக் கட்டடம் பற்றி அவர் சொன்னது: "மேல பாத்தா சொர்க்கம். கீழ போய்ப் பாரு, ஒயர எலி தின்னிருக்கு." சஸ்காச்சுவானில் கோதுமை வயலுக்கு நடுவே மரத்தில் கட்டியது ஒன்று, மின்சாரமே கிடையாது. அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "இவங்க பொழச்சுக்கிட்டாங்க," என்று எழுந்தார்.

எல்கா தானியங்கிக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டுப் பொறியாளர். எழுபத்தெட்டு வயதில் அப்பா நாற்காலி ஏறுவது பிடிக்காமல், கேப் பிரெட்டன் பலகைக்கு ஒரு பெட்டி செய்து மாட்டினாள். நாள் பார்த்துத் தானே எரிக்கும், தானே அணைக்கும். யூத நாட்காட்டியில் சில ஆண்டுகளில் அதார் மாதம் இரண்டு தடவை வரும். அதை நிரலில் சேர்க்க மறந்துவிட்டாள். அதாருக்கு அடுத்த மாதத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு மாதம் முந்தியே எரிந்தார்கள்.

"உசுரோட இருந்தப்ப ஒருத்தனும் நேரத்துக்கு வந்ததில்லடி," என்றார் ஹெர்ஷல். "இப்ப பாரு, முன்னாடியே வந்து எடம் புடிச்சிருக்கானுங்க."

திருத்திவிட்டாள். அதற்குப் பிறகும் அங்கே போனால் ஹெர்ஷல் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் மேல்கோட்டையே கழற்றுவார்.

"இப்பதான் சரியா வேலை செய்யுதேப்பா."

"செய்யுதும்மா. ஆனா மாரிஸ் யாருன்னு அதுக்குத் தெரியாதே."

மாரிஸ் இறந்தது ஒரே அதார் வந்த ஓர் ஆண்டின் அதாரில். இரட்டை அதார் வரும் ஆண்டில் திதி எந்த மாதம்? முதலாவது என்பாள் மனைவி டோலி. இரண்டாவது என்பாள் தங்கை பெர்னிஸ். இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. "ரெண்டு தடவை எரிஞ்சா மாரிஸுக்குக் கண்ணு கூசிடுமா?" என்று ஹெர்ஷல் இரண்டு மாதமும் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போவார்.

இந்த ஆண்டின் முதலாம் அதார் முடிய நான்கு நாள் இருந்தது. காலையில் பனிக்காலணி மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

யூத வழக்கப்படி எல்கா ஏழு நாள் தாழ்ந்த முக்காலியில் துக்கம் காத்து உட்கார்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவித்த முட்டை கொண்டுவந்தார்கள். எட்டாம் நாள் பெர்னிஸ் போனில் கூப்பிட்டாள்.

"கண்ணு, என்னத்தச் சொல்ல. சாப்புடுறியா?"

"சாப்புடுறேன் ஆன்ட்டி."

"வர்ற புதன்கிழமை அண்ணன் திதி. அப்பா வர்றேன்னு சொல்லியிருந்தாரு. நீ அலையாத. உன் பெட்டியே எரிச்சிரும்ல?"

"எரிச்சிரும்."

"அப்பச் சரி."

பெர்னிஸ் போனை வைக்கவில்லை.

"எரியவிட்டுட்டு அங்கருந்தே போன் போடுவாரு. 'பெர்னிஸ், உங்கண்ணன் வந்தாச்சு'ம்பாரு. அதான்... வேற ஒண்ணுமில்ல."

எல்கா மடிக்கணினியில் பலகையின் நிரலைத் திறந்தாள். மாரிஸ் ஆடல்சன், புதன், 'தானாக' என்று இருந்தது. அதைக் 'கையால்' என்று மாற்றினாள்.

"ஆன்ட்டி, கோயில் சாவி யார்கிட்ட இருக்கு?"