செவ்வந்தியக்காவின் மூக்கு

கணபதி என்னும் ஊரில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் செவ்வந்தியக்கா, பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரிக்கும் முன்பே முகர்ந்து பார்த்து, உள்ளே எது வெந்தது என்று சொல்லிவிடுவாராம். நான் நம்பியதில்லை. பொறியியல் படித்தவன் அல்லவா, அந்தத் திமிர்.

அவர் கணவர் வெள்ளியங்கிரி அண்ணன் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாது. அதனால் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிப்போட்டுப் போய், மதியச் சாப்பாட்டுக்கு வந்து திறப்பார். அண்ணன் கட்டிலுக்கு நேர் மேலேதான் என் அறை. அங்கே கிரிப்டோ நாணயம் எடுப்பதற்காக, ஆறு கிராபிக்ஸ் கார்டுகளைக் கோத்து நானே ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருந்தேன்.

அன்று காலை அதை ஓடவிட்டுவிட்டுத் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது அக்கா படியேறி ஓடி வந்தார்.

"ஏனுங்க உதய் தம்பி, மேல பிளாஸ்டிக் இளகுதுங்க! மெயினை அமத்துங்க!"

"எனக்கு ஒண்ணும் வாசம் வரலீங்களேக்கா."

"அட, அமத்துங்க மொதல்ல!"

மெயின் சுவிட்சை அணைத்தேன். அக்கா ஒவ்வொரு வயராகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. கார்டுகள் உட்காரும் பலகைகளில் மூன்றுக்கு, ஹார்டு டிஸ்க்குக்கான ஒற்றை வயரிலிருந்தே கிளை பிரித்து மின்சாரம் கொடுத்திருந்தேன். அதன் பிளக் பழுப்பேறிக் குழைந்திருந்தது. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர், கீழே ரசம் தாளித்துக்கொண்டே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்! இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

"இழுக்கற கரண்டுக்குத் தக்கனதானுங்க கம்பி போடோணும். மூணு பேர் சொமைய இது ஒண்ணே தாங்குமுங்களா?"

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டியை நான் அண்மையில்தான் மாற்றியிருந்தேன்; பழையதன் தடித்த வயர்கள் என்னிடம் இருந்தன. எடுத்துச் செருகினேன், கச்சிதமாகப் பொருந்தியது. அக்கா என் கையைத் தட்டிவிட்டார். என்னிடமிருந்த மல்டிமீட்டரை வாங்கி, நான் செருகிய வயரையும் புதுப் பெட்டியோடு வந்த வயரையும் சோதித்தார்.

"பிளக்கு வாய் ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்க. உள்ள கம்பி மாறி வருது. இதைப் போட்டு சுவிச்சைத் தட்டியிருந்தா கார்டு போயிருக்குமுங்க."

புதுப் பவர் சப்ளையோடு வந்த வயர்கள் மூன்று கார்டுகளுக்குத்தான் போதும். மற்ற மூன்றையும் கழற்றி வைத்தோம். அரை மணி நேரம் ஓட்டினோம். எந்த வயரும் சுடவில்லை.

"இனி இப்படியே விட்டுப்போட்டுப் போலாமுங்களாக்கா?"

"வயரு சரியாத்தானுங்க இருக்குது. ஆனா ஆளில்லாத ஊட்டுல இதை ஓட்டாதீங்க தம்பி."

அணைத்துவிட்டு அவரோடு கீழே இறங்கினேன். வேலைக்கு நேரமாகியிருந்தது. அக்கா அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பூட்டை எடுத்துத் தாழ்ப்பாளில் மாட்டினார். சாவி திரும்பவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், அவர் சாவியைத் திருப்பவே இல்லை.

"நான் பத்து நிமிசம் முன்னாடியே இவரை உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுக் கெளம்பியிருந்தா..." என்றார். அழுதார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பூட்டைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"நீங்க போய்ட்டு வாங்கக்கா. நான் எங்கயும் போகலீங்க."

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே போய் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தேன்.