ஒரே படிகம், இரண்டு வரைபடம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஆமாஞ்சாமி என்றுதான் பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பகலெல்லாம் மாமனாருக்குத் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்தால் மனைவிக்கு. மாமனார் ஆய்வுக்கூடத்தின் தலைவர். மனைவி அதே துறையில் பேப்பரும் பேனாவுமாகக் கணக்குப் போடுகிறவர். அப்பாவும் மகளும் எலியும் பூனையும்.

சண்டை சொத்துக்கு இல்லை, எலக்ட்ரான்களுக்கு. சில தாமிர ஆக்சைடு படிகங்களைக் குளிரவைத்தால் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையே இல்லாமல் ஓடும். அதே படிகத்தில் அவை வரிவரியாக உட்கார்ந்து, நகரமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் உண்டு. இரண்டும் ஜென்மப் பகை, ஒன்று ஒழிந்தால்தான் இன்னொன்று பிழைக்கும் என்பது மாமனார் கட்சி. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், சேர்ந்தே குடித்தனம் நடத்தும் என்பது மகள் கட்சி. நம்மவர் இரண்டு கட்சியிலும் உறுப்பினர்.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது, பாவம். தன் பெயர் முதலில் வரும்படி ஒரே ஒரு கட்டுரை. அதற்காகப் படிகத்தை இரண்டு வைரங்களுக்கு நடுவே நெரித்து, அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி அளந்தார். அந்தக் கை பொய் சொல்லாது, வாய்தான் சொல்லும். குறைந்த அழுத்தத்தில் இரண்டு நிலைகளும் சேர்ந்தே இருந்தன. வரைபடத்தில் அந்தப் பாதியை வெட்டி மனைவியிடம் காட்டினார். அழுத்தம் ஏறியதும் வரிகள் அழிந்தன, தடையற்ற ஓட்டம் வலுத்தது. இந்தப் பாதி மாமனாருக்கு. இரண்டையும் ஒட்டிப் பார்க்க அவருக்கே தைரியம் வரவில்லை.

கருத்தரங்கில் மாமனாரின் பாதியைத் திரையில் போட்டார். சொல்லாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்தார்.

“படம் ஏன் நடுவுல ஆரம்பிக்குது? எனக்குக் காட்டினது எங்க?”

“உனக்கு என்னம்மா காட்டினாரு மாப்பிள்ளை?” என்றார் மாமனார்.

“அது வந்து மாமா... நீங்க சொல்றதும் சரி, உங்க பொண்ணு சொல்றதும் சரி.”

அன்றைக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆமாஞ்சாமி சொன்னால் யார் நம்புவார்கள்? கூட்டமே சிரித்தது. அப்பாவும் மகளும் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்த்தார்கள், அன்றே சேர்ந்து எழுத உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் இவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. “அளந்தது நான். என் பேருதான் முதல்ல வரணும்.”

“தாராளமா,” என்றார் மனைவி. “இதுக்கு என்ன அர்த்தம்னு ஒரே ஒரு பத்தி எழுதிக் குடுங்க. உங்க முடிவா இருக்கணும்.”

உட்கார்ந்தார். ஒரு வரி எழுதுவார், மாமனார் மனம் நோகுமோ என்று அடிப்பார். இன்னொரு வரி எழுதுவார், மனைவி முகம் சுளிப்பாரோ என்று அதையும் அடிப்பார்.

கட்டுரை வெளிவந்தது. மகள் பெயர் முதலில், அப்பா பெயர் அடுத்து. அளவெடுத்து உதவியதற்காக இவருக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள்.